பதினொரு பேருக்கு ஒருத்தி

அடி அண்ணாமலை,
12.3.1998

அன்புத் தம்பி வளவனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மா, உன் மாமா, கவி, நான் நாலு பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் போனால் கை நிற்கிறது.

எதிர் வீட்டு ஜோதியம்மாள் போன செவ்வாய் தவறிப் போனாள். இழுப்புதான். அவளும் நம் அம்மாவும் ஒன்றாகத்தான் எங்கள் கிளினிக்குக்கு வருவார்கள். இரண்டு பேருக்கும் டாக்டர் ராமதாஸ் அதே பம்ப்பைத்தான் எழுதியிருந்தார், காலையும் மாலையும் வாயில் வைத்து இழுப்பார்களே, அது. சாவு வீட்டில் ஒரு பெண்பிள்ளை, "பம்ப் வெச்சா அவ்ளோதாங்க, கடைசி கட்டத்துக்குத்தான் அத்த தருவாங்க"ன்னு சொன்னாள். 

ஆறு வருஷமாக அந்தக் கிளினிக்கில் ரெஜிஸ்டர் எழுதுகிறவள் நான். வருகிற ஒவ்வொருவரையும் மீட்டரில் ஊதச் சொல்லி, முள் எதில் நிற்கிறதோ அந்த எண்ணை எழுதுவேன். எண் ஏறினால் மூச்சு நன்றாக இருக்கிறது, இறங்கினால் ஆபத்து. பக்கத்துக் கட்டத்தில் பம்ப் உண்டா இல்லையா என்று எழுதுவேன். நேற்று மத்தியானம் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் நூற்று ஐம்பத்திரண்டு பேர். பம்ப் போட்டவர்கள் ஐம்பது, அதில் ஏழு பேர் செத்திருக்கிறார்கள். போடாத நூற்றிரண்டு பேரில் செத்தது இரண்டே பேர்.

வளவா, அம்மா தை மாதத்திலிருந்து பம்ப் போடுகிறாள். ரெஜிஸ்டரில் 88ஆம் எண் அவள்தான். இழுத்து மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நானே என் கையால் விஷம் கொடுக்கிறேனோ என்று இருக்கிறது. டாக்டரைக் கேட்டால் சிரிக்கிறார்.

ரெஜிஸ்டர் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மருந்துக் கணக்குப் படிக்கத்தானே லண்டன் வரைக்கும் போயிருக்கிறாய். வீட்டுக்கு ஒரு தடவை உபயோகமாக இரு.

பயத்துடன்,
அன்புச்செல்வி

லண்டன்,
2.5.1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெராக்ஸ் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற மூன்று வாரம் ஆனது. ஆறு வருஷத்தில் ஒரு கட்டம்கூட நீ காலியாக விடவில்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படி இல்லை.

நீ எண்ணியதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு மோசமானவர்களுக்குத்தான் டாக்டர் பம்ப் கொடுக்கிறார். அவர்கள் அதிகம் சாவது பம்ப்பால் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு வருகையிலும் மீட்டரில் ஒரே எண் காட்டியவர்களை மட்டும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டேன். அப்படிச் செய்த பிறகும் பம்ப்பால் நன்மை எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் கெடுதல் மாதிரிகூடத் தெரிகிறது.

என் ஆசிரியரிடம் காட்டவில்லை, இது நம் வீட்டு விஷயம். ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் பம்ப்பை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது அக்கா. வீணாகப் பயந்து சாகாதே.

கவிக்கு முத்தங்கள்.

உன் தம்பி,
வளவன்

அடி அண்ணாமலை,
14.9.1998

அன்புத் தம்பி வளவனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். ரெஜிஸ்டரிலும் 'பம்ப் இல்லை' என்று ஒளிக்காமல் எழுதினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இது விளையாட்டு இல்லம்மா"ன்னார். "என் தம்பி லண்டன்ல கணக்குப் போட்டு எழுதியிருக்கான் சார்"ன்னேன். அவர் பேனாவை மூடிக்கொண்டார்.

அம்மா முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தாள். ஆவணியிலிருந்து எண் இறங்குகிறது. 210 ஊதியவள் நேற்று 145. மாடிப்படி ஏறினால் பூனைக்குட்டி மாதிரி நெஞ்சில் சத்தம் வருகிறது. டாக்டர் மாத்திரையை ஜாஸ்தியாக்கியிருக்கிறார். பம்ப்பையும் திரும்ப எழுதிக் கொடுத்தார், நான் வாங்கவில்லை. சரிதானே? ஒரு வரி எழுது. நீ சரி என்றால் எனக்குப் பயம் போய்விடும்.

அன்புச்செல்வி

லண்டன்,
1.10.1998

அன்புள்ள அக்காவுக்கு,

பரீட்சை நேரம், ஒரு வரிதான். சரிதான். மழைக்காலம் போனால் எண் ஏறும்.

வளவன்

அடி அண்ணாமலை,
10.12.1998

அன்புத் தம்பி வளவனுக்கு,

நீ காரியம் முடிந்து விமானம் ஏறிப் பத்து நாள் ஆகிறது. சாப்பிடுகிறாயா?

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அம்மாடி, காத்து உள்ள வர மாட்டேங்குது"ன்னாள். அவ்வளவுதான் பேசினாள். ஆட்டோவில் கிரிவலப் பாதை வாயு லிங்கத்தைத் தாண்டும்போது என் தோளில் தலை சாய்ந்தது. அவலூர்ப்பேட்டை ரோட்டில் கிளினிக் வாசலில் இறக்கும்போது டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை.

பம்ப் இருந்திருந்தால் என்று ஊரில் நாலு பேர் பேசுகிறார்கள். உன் மாமாவும் ஒரு நாள் கேட்டுவிட்டார். எனக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றும்போதெல்லாம் உன் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். 'கணக்கு சரியாகத்தான் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகிறேன், வேலைக்குப் போகிறேன். அது இல்லாவிட்டால் நானும் அம்மா பின்னாலேயே போயிருப்பேன்.

உன் அக்கா,
அன்புச்செல்வி

அடி அண்ணாமலை,
18.1.2001

அன்புத் தம்பி வளவனுக்கு,

அவசரம். கவிக்கு இழுப்பு வந்துவிட்டது.

பொங்கலுக்கு மறுநாள் ஆரம்பித்தது. லீவு முடிந்து போன அன்றே ஸ்கூலிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள் மேலே ஏறி ஏறி இறங்க, அம்மா உட்காருவாளே, அப்படியே உட்கார்ந்திருந்தாள். பத்து வயதுப் பிள்ளை வளவா. மீட்டரில் 160. இந்த வயதுக்கு 270 வர வேண்டும்.

டாக்டர் பம்ப் எழுதிவிட்டார். வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை. உன் மாமா கத்துகிறார். "உங்கம்மாவைத்தான் பறிகொடுத்தே, புள்ளையையுமா"ன்னு கேட்டார்.  பதில் உன்னிடம்தான் இருக்கிறது. அவள் ஹோம்வொர்க் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுகிறேன். நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. எண்ணுவதை நிறுத்தினால் அவள் மூச்சும் நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.

நேற்று வரைக்குமான ரெஜிஸ்டரின் ஜெராக்ஸைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். திரும்பவும் கணக்குப் போட்டுப் பார். பம்ப் வேண்டாம் என்று அன்றைக்கு எழுதியது போலவே தெளிவாக எழுது. உன் மாமாவுக்குக் காட்ட வேண்டும்.

அன்புச்செல்வி

லண்டன்,
27.1.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில், "பம்ப்பைப் போடு அக்கா, இப்பவே போடு" என்றேன். "அன்னிக்கு வேணாம்னே, இன்னிக்குப் போடுன்றே. ஏன்னு எழுதி அனுப்பு, அப்பதான் தொடுவேன்"னு சொல்லி வைத்துவிட்டாய். எழுதுகிறேன். முதலில் பிரித்துக் கவிக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் படி. என்மேல் ஆணை.

1998இல் நான் போட்ட கணக்கு தப்பு.

கிரிவலத்தை நினைத்துக்கொள். ஒவ்வொரு லிங்கத்திலும் ஆட்டோ நிற்கிறது. கால் வலிக்கிறவர்கள் கொஞ்ச தூரம் ஏறிக்கொள்கிறார்கள். கடைசியில் ஈசானிய லிங்கத்தில் நின்று பார்த்தால், ஆட்டோவில் வந்தவர்களுக்குத்தான் கால் மோசமாக இருக்கும். ஆட்டோ காலைக் கெடுக்கிறது என்று சொல்லிவிடலாம். நீ முதலில் எண்ணியது அது.

நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு லிங்கத்திலும் ஒரே அளவு வலி இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டேன். ஆனால் போன லிங்கத்தில் ஆட்டோ ஏறியதால்தானே இந்த லிங்கத்தில் ஒருவருக்கு வலி குறைந்தது? அந்தக் குறைந்த வலியையும் சமமாக்கிவிட்டால் ஆட்டோ செய்த நன்மையை நானே துடைத்துப் போடுகிறேன். மீட்டர் எண்ணைப் பார்த்துப் பம்ப் கொடுக்கிறார்கள், பம்ப்போ மீட்டர் எண்ணை ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மலையைச் சுற்றி வருகின்றன. அதை நான் பார்க்கவில்லை.

இதற்குப் புதிதாக ஒரு வழி வந்திருக்கிறது. கால் வலித்தும் ஆட்டோ ஏறாமல் நடந்தவர் ஒருத்தர் இருப்பார். அவரைப் போலவே வலித்து, ஏறிப் போனவர்கள் நாலு பேர் என்றால், நடந்தவர் ஒருவரை ஐந்து பேராக எண்ண வேண்டும். ஏறாமல் இருந்தால் அந்த ஐந்து பேருக்கும் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அவர் ஒருவர்தான் சாட்சி. ஏறியவர்களையும் அதே முறையில் எண்ண வேண்டும்.

உன் பழைய ரெஜிஸ்டரில் பம்ப் போடாத நூற்றிரண்டு பேரில் மூச்சு நன்றாக இருந்தவர்களே அதிகம். மோசமாக இருந்தும் வேண்டாம் என்றவர்கள் ஐந்தே பேர். நீ எண்ணிய அந்த இரண்டு சாவும் அந்த ஐந்து பேரில்தான். ஐந்தில் இரண்டு. பம்ப் போட்ட ஐம்பதில் ஏழு. புது முறையில் போட்டால் பம்ப் ஆளைக் காப்பாற்றுகிறது. சந்தேகமே இல்லை.

இப்போது 88ஆம் எண், அம்மா. ஐம்பது வயதைத் தாண்டி, 150க்குக் கீழே இறங்கிய பெண்கள் நீ இப்போது அனுப்பிய ரெஜிஸ்டரில் பதினொரு பேர். பத்துப் பேர் பம்ப் போட்டார்கள். போடாதது ஒருத்தி. அம்மாவைக் கம்ப்யூட்டர் பதினொரு பேராக எண்ணுகிறது அக்கா. ரெஜிஸ்டரிலேயே பெரிய எண் அதுதான். திரையில் 88க்கு நேராக 11 என்று வந்ததும் எழுந்து போய்விட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா ஒருத்தியை நம்பி இந்த முடிவைச் சொல்லவில்லை, 1998இல் நீ அனுப்பிய பழைய ஜெராக்ஸை மட்டும் வைத்து ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தேன். அப்போதும் அதே பதில்தான். அம்மா சாகும் முன்பே அந்தப் பதில் என் மேஜைமேல் இருந்திருக்கிறது. ஆசிரியரிடம் காட்டியிருந்தால் 'தெரியாது, நிறுத்தாதே' என்றாவது சொல்லியிருப்பார்.

இதை நான் கண்டுபிடித்தது போன செப்டம்பரில். நாலு மாதமாக எழுதவில்லை. என் வரியைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை எப்படிப் பிடுங்குவது என்று தெரியவில்லை. கோழை நான். உன்னிடமிருந்து வரப்போகும் கடிதத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. கவியை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதிவிட்டேன்.

வளவன்

அடி அண்ணாமலை,
9.2.2001

வளவனுக்கு,

கடிதம் கிடைத்தது. பம்ப்பைக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னபடி கொடுத்த பிறகுதான் மீதியைப் படித்தேன்.

கணக்கு தப்பியது தப்பு இல்லை. தெரியாமல் போட்டாய், தெரியாமல் நிறுத்தினேன். ரெஜிஸ்டரில் 'பம்ப் இல்லை' என்று எழுதிய கை என் கைதான், அதில் நீ பங்கு கேட்காதே.

ஆனால் நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் உன் கணக்கைச் சொல்லி இரண்டு பேருக்கு நான் பம்ப் வேண்டாம் என்றேன். உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்த கையோடு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அதில் ஒருத்தன் முருகையன், அவன் வீட்டு வாசலில் நிற்கும்போது உள்ளே ஆள் இருமுகிற சத்தம் கேட்டது. உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இன்னொருத்தி வேதா, சின்னப் பெண். அவளும் இருக்கிறாள். இல்லாமல் போயிருந்தால்?

கவிக்கு இழுப்பு வராமல் இருந்திருந்தால் எழுதியிருப்பாயா? இதற்கு மட்டும் பதில் எழுதாதே. என்ன எழுதினாலும் நான் நம்ப மாட்டேன்.

அம்மா உனக்குப் பதினொரு பேர். எனக்கு ஒருத்திதான் இருந்தாள்.

உனக்கு ரெஜிஸ்டர் வேண்டியிருக்கும். மாதா மாதம் அனுப்புகிறேன். கடிதம் எதிர்பார்க்காதே.

அன்புச்செல்வி

(தபால் அட்டை)
10.3.2001
எண் 163. கவிநிலா. ஊதியது 185. பம்ப் உண்டு.

(தபால் அட்டை)
11.4.2001
எண் 163. கவிநிலா. ஊதியது 215. பம்ப் உண்டு.

லண்டன்,
2.5.2001

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டைகள் கிடைத்தன. இரண்டையும் மேஜைமேல் ஒட்டி வைத்திருக்கிறேன். உன் ரெஜிஸ்டரை ஆசிரியரிடம் காட்டிவிட்டேன், அம்மா பற்றியும் சொல்லிவிட்டேன். டாக்டர் ராமதாஸுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம். அட்டை மட்டும் நிற்காமல் வரட்டும். நாள் தள்ளினால் பயந்துவிடுகிறேன்.

வளவன்

(தபால் அட்டை)
12.6.2001
எண் 163. கவிநிலா. ஊதியது 240. பம்ப் உண்டு.
எண் 131. முருகையன். ஊதியது 300. பம்ப் உண்டு.

(தபால் அட்டை)
3.12.2001
எண் 163. கவிநிலா. ஊதியது 270. பம்ப் உண்டு.
பௌர்ணமிக்குக் கிரிவலம் நடப்பேன் என்று அடம் பிடித்தாள். கூட்டிப் போனேன். வாயு லிங்கத்தில் கால் வலிக்குது என்றாள். மூச்சை எண்ணிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் உன் மாமாவோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன். மீதி வழியை நான் ஒருத்தியே நடந்தேன்.
அக்கா