கடல் பக்கம், கோயில் பக்கம்

என் ஆசை மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சுகமாவது மண்ணாவது. நீ இல்லாத வீட்டில் சுகத்துக்கு என்ன வேலை? கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில் மெழுகுவத்தியோடு இதையும் வைக்கிறேன், பொறுமையாகப் படி.

உன் மூத்த சம்சாரத்தைப் பற்றித்தான் சேதி. துறைமுகத்தில் கிரேன் வேலை முடிந்து வந்ததும் என் முகத்துக்கு முன்னால் அவள் முகத்தைத்தானே பார்ப்பாய், அந்த இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறேன். நீ போனதிலிருந்து கோணியைப் போர்த்திக்கொண்டு நம் வீட்டுச் சந்தில் நிற்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோணியை விலக்கினால் உன் வாசனை வருமோ என்று பயம். வராமல் போய்விட்டால்?

போன வாரம் உன் தம்பி சூசை விம்கோ நகரிலிருந்து வந்தான். எங்கேயோ அரபு நாட்டில் சண்டையாம், பெட்ரோல் விலை ஏறிக் கிடக்கிறது. வண்டி வாங்குகிற ஆள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், ஓடினால் வண்டியாக எடுப்பார், ஓடாவிட்டால் உடைத்து உதிரியாக எடுத்துக்கொள்வார் என்றான். உடைக்க நான் விடுவேனா? போகிறதென்றால் போகட்டும், அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அனுப்புகிறேன் என்றேன்.

பாவம், சூசை காலையிலிருந்து மல்லுக்கட்டினான். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவி மாட்டினான். காற்று ஸ்குரூவை எவ்வளவு திறப்பது என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியாதா? நீ குந்தி உட்கார்ந்து முடுக்குவாய், நான் சீட்டில் இருப்பேன். உன் இடது எனக்கு வலதாகி நமக்குள் எத்தனை சண்டை! அதற்குத்தானே சந்தில் வண்டி நிற்கிற வாக்கை வைத்துச் சிலிண்டருக்குப் பேர் வைத்தாய், கடல் பக்கத்தான், கோயில் பக்கத்தான் என்று. கடல் பக்கத்தானுக்கு மட்டும் அரைச் சுற்று கூடுதலாகத் திறக்க வேண்டும், அவன் ஸ்குரூ தேய்ந்தது என்பாய். அதைத்தான் சூசையிடம் சொன்னேன்.

மிதித்தான். இருமியது. ஒரு பக்கத்துக் குழாய் சுட்டது, மறுபக்கம் சில்லென்று கிடந்தது. திரும்பத் திரும்ப மிதித்து அவன் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. “இன்ஜின் காலி அண்ணி. வுட்ரு, பார்க்கவே பேஜாரா கீது” என்றான்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. உன்மேல்தான், வேறு யார்மேல்? கேட்காமல் கொள்ளாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய், இதற்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? கோயிலைப் பார்த்து முறைத்துவிட்டு வண்டிப் பக்கம் கண்ணைத் திருப்பினேன். பெட்ரோல் டேங்கில் அந்த நெளிசல் தெரிந்தது. நான் விட்டெறிந்த கரண்டி உன்மேல் படாமல் அதில் பட்டதே, அதுதான். அது எப்போதும் கோயில் பக்கம் அல்லவா இருக்கும்? இப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புரிந்தது மாமா. உன் பெட்டி வர வழி வேண்டும் என்று அன்றைக்கு வண்டியை வெளியே தள்ளினார்கள். உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்து உள்ளே விட்டவர்கள் அவள் மூஞ்சியைத் திருப்பி விட்டுவிட்டார்கள். இத்தனை நாள் அவள் தலைமாறி நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. அந்த அரைச் சுற்றைக் கோயில் பக்கத்தானுக்கு அல்லவா திறக்க வைத்துவிட்டேன்!

சொன்னதும் சூசை சிரித்தான். இருவருமாகத் தள்ளி அவளைப் பழையபடி திருப்பினோம். ஸ்குரூ இரண்டின் அளவையும் மாற்றி வைத்தான். காற்றுச் சத்தத்தை ஒத்துப் பார்க்க நீ வைத்திருந்த ரப்பர் குழாய்களை எடுத்துக் கார்புரேட்டர் வாய்க்கு ஒன்றாக வைத்து, மறுமுனைகளை என் காதில் செருகிக்கொண்டேன். கிரேன் இரைச்சலில் மந்தமாகிப்போன உன் காதுக்குப் பதிலாக எத்தனை வருஷம் கேட்டவள் நான்!

ஒரே மிதி. இரண்டு காதிலும் ஒரே அளவாகக் காற்று சீறியது. சந்து முழுக்க உன் சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன். “இன்னா சொல்றான் கடல் பக்கத்தான்?” என்று நீ கேட்க வேண்டிய இடம் அது. காத்திருந்தேன்.

சூசைதான் என் காதிலிருந்து குழாயை விலக்கிவிட்டுக் கேட்டான், “ரெண்டும் ஒண்ணா கேக்குதா அண்ணி?” குரல் உன் குரலேதான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவனும் அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டோம். சூசை அதில்தான் வேலைக்குப் போய்வரப் போகிறான். பூசைக்கு வரும்போதெல்லாம் சந்தில் நிறுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நானும் ஒருநாள் பெட்டியில் இந்தச் சந்து வழியாகத்தான் போகப் போகிறேன். அன்றைக்கும் வண்டியை வெளியே தள்ளுவார்கள். என்னை உன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, அவளைத் திருப்பாமல் பழையபடி விடச் சொல்லிச் சூசையிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். உன் கடல் பக்கம் கடல் பக்கமாகவே இருக்கும் மாமா, இது என் வாக்கு.

உன் இரண்டாம் சம்சாரமும் இரண்டு காதும் ஆன,
ரோசம்மா