பெயர் என்ற கட்டத்தில்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே மூட்டம். கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போன பிள்ளைகள், ஏழு. பிரியாவுக்குச் சளி. பால் சிந்தியது இரண்டு தடவை. இந்தோனேசியக்காரர் மகள், சித்தி என்று பெயர், வந்து பத்து மாதம்தான், இப்போது தமிழில் அழுகிறாள்.

எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி எட்டிப் பார்த்தார். "நாளைக்குக் கோலாலம்பூருலேருந்து ஆயாக்கொட்டகையைப் பாக்க வராங்க. கொஞ்சம் கூட்டி வைங்க, ஆயா."

பதினாறு வருஷமாகத் தினமும் கூட்டுகிறேன். இவர் கண்ணில் படவில்லை போல.

ஜூலை 8, செவ்வாய்
வந்தது சின்னப் பெண். வழியில் கியா பார்ம் சந்தையில் பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி வாங்கி வந்திருந்தாள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் யார், என்ன பயிற்சி என்று எஸ்டேட் எஸ்டேட்டாக ஆய்வாம். நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டினாள்.

வேலை செய்பவர்கள்: ஒருவர். பயிற்சி: இல்லை. பிள்ளைகளின் மொழி: தமிழ். சித்தியையும் சேர்த்துத்தான்.

வாங்கிப் பார்த்தாள். "அக்கா, பேருலயும் ஆயான்னே எழுதிட்டீங்க லா."

ஆமாம். பெயர்: ஆயா. பதவி: ஆயா. கூசிப்போனேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"செல்வராணி" என்றேன். என் வாயால் அதைச் சொல்லி எத்தனை நாளாயிற்று.

கிளம்பும்போது இன்னொரு பாரம் கொடுத்தாள். "ஈப்போவுல மூணு வாரம் கோர்ஸ். முடிச்சா டீச்சர்னு பதியலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க அக்கா."

டீச்சர். படிக்கிற காலத்து ஆசை. செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஜூலை 10, வியாழன்
மழை. கோர்ஸ் பாரத்தில் ஒரு கட்டம்: நீங்கள் இல்லாதபோது பொறுப்பாளர். கிராணியிடம் கேட்டேன்.

"ஆளு இல்லேன்னா எஸ்டேட் துரை கொட்டகைய மூடிடுவாரு. மூடினா திரும்பத் தொறக்கிறது கஷ்டம், ஆயா."

மத்தியானம் முழுக்க எரிச்சல். கவினை வீணாக அதட்டினேன்.

சாயங்காலம் பிரியாவின் அம்மா பார்வதி வந்தாள். சொன்னேன். "மூணு வாரந்தானே? லைன் வீட்டுக்காரங்க நாங்க மாத்தி மாத்தி லீவு போட்டுப் பாத்துக்கிறோம். என் பேரை எழுதிக்குங்க."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "திரும்பி வந்துருவீங்கல்ல? டீச்சரானவங்க டவுனுக்குத்தானே போறாங்க."

பிரியாவின் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
வெயில். துணியெல்லாம் காய்ந்தது. மத்தியானம் ஏழும் தூக்கம். பாரத்தை எடுத்தேன். தபால் நாலு மணிக்கு.

பெயர்: செல்வராணி. இந்தத் தடவை சரி.
பொறுப்பாளர்: பார்வதி.
பயிற்சிக்குப் பின் பதவி: பென்சிலால் டீச்சர் என்று எழுதிப் பார்த்தேன். அழித்தேன். தடம் போகவில்லை.

சித்தி விழித்துக்கொண்டு, "ஆயா, தூக்கு" என்று சிணுங்கினாள்.

"இரும்மா, வரேன்."

இதுவரை ஒரு பிள்ளையையும் அழவிட்டுக் காக்க வைத்ததில்லை. பேனாவால் அந்தத் தடத்தின் மேலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.