கன்ட்ரோல் ரூம் கதவு

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். அம்பத்தூர் கழிவுநீர் நிலையம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். மழைக்கு அது தரையோடு படிந்துவிடுகிறது.

கன்ட்ரோல் ரூமில் வாயு அரிக்கிறதா என்று பார்க்கப் போன மாதம் மாட்டிய செப்புத் தகடு கன்னங்கரேல் என்று கிடக்கிறது. அந்த வாயு தகட்டையே இப்படித் தின்றால் கன்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் கார்டுகள் என்ன கதியோ. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினில் வாயுவை உறிஞ்சும் குருணை செத்துப்போய்விட்டது, மாற்ற வேண்டும். மேலாளரிடம் மறுபடி கேட்டேன். "மெஷின் ஓடுதில்ல மாலதி? அப்புறம் பாக்கலாம்."

போதாததற்கு ஆபரேட்டர் யூசுப் பாய் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்தே வைக்கிறார். கத்திவிட்டேன்.

"மூடிட்டா ஒண்ணும் கேக்கல மேடம். பம்ப் குழில ஆள் எறங்குறான். அவன் கூப்ட்டா யாருக்குத் தெரியும்?"

"குழிக்குக் காத்து தர்ற ஃபேன் ஓடுது பாய். நின்னா ஸ்கிரீன்ல சிவப்பு வரும்."

செங்கல்லை நானே வெளியே தூக்கிப் போட்டேன்.

வீடு திரும்பினால் சேக்காட்டில் தெருவெல்லாம் தண்ணீர். துவைத்த துணி காயவில்லை.

நவம்பர் 12, புதன்

பம்ப் அடைப்பு எடுக்க மெக்கானிக் செல்வம் குழிக்குள். மேலே நிற்க வேண்டிய ஆளை வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்கிரீன் முன்னால் நான். ஃபேன் பச்சை. எல்லாமே பச்சை.

பாய் சட்டென்று எழுந்தார். "செல்வம் கொரலு!" எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஓடினார். கதவு திறந்துதான் இருந்தது, மறுபடி செங்கல்.

ஃபேன் நின்றுபோயிருந்தது. செல்வத்தின் இடுப்புக் கயிற்றை பாயும் வாட்ச்மேனும் நானும் இழுத்தோம். உதடு நீலம். ஆவடி ஆஸ்பத்திரி.

திரும்பி வந்து கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தேன். ஃபேன் ஓடுவதைச் சொல்லும் கார்டின் கம்பிக் கால்களெல்லாம் கருத்து, தொட்டால் பொடி. அது செத்த பிறகும் ஸ்கிரீன் பழைய பச்சையையே காட்டிக்கொண்டிருக்கிறது.

சாப்பிடவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

செல்வம் கண் திறந்துவிட்டான். மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறானாம். போகப் போகச் சரியாகலாம் என்கிறார் டாக்டர். சரியாகும் என்று சொல்லவில்லை.

மேலாளர்: "ஆபரேட்டர் கதவத் தொறந்து வச்சதால கேஸ் உள்ள வந்து கார்டு போச்சு. இப்படி எழுதி ஒரு கையெழுத்து போடு."

முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் கொடுமை. திறந்த கதவு வழியாகவும்தான் வாயு வந்தது. மூடியிருந்தால் செல்வம் இல்லை. கதவைப் பற்றி எழுதினேன். குருணை கேட்டும் தராததை எழுதினேன். செல்வத்தின் குரலைக் கேட்டு ஓடியது யார் என்பதையும் எழுதினேன். படித்துவிட்டுத் தள்ளி வைத்தார். அவர் சொன்னபடி எழுதிய தாளில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார்.

யூசுப் பாயை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூந்தமல்லியில் அவர் வீட்டுக்கு போன் செய்தேன்.

"உடு மேடம். செல்வம் பேசறானா?"

"பேசறான் பாய்."

"அப்ப போதும்."

அக்கா விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 15, சனி

விடாத மழை. புதுக் குருணை வந்துவிட்டது, கேட்காமலே. கதவில் தானாக மூடும் ஸ்பிரிங். உள்ளே நாற்றமே இல்லை. மழைச் சத்தம்கூட இல்லை.

மதியம் குழிக்குள் புது மெக்கானிக் ரவி. மேலே ஒரு ஆளை நிறுத்தியிருந்தார்கள். இருந்தாலும் உட்கார முடியவில்லை. குடையோடு விளிம்பில் போய் நின்றேன். மேலாளர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

"ரவி, மேல வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க."

"இன்னா பேசறது மேடம்?"

"எதையாவது."

வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூனை குட்டி போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.