கலங்கரைக் குழு ஊர் மாறிய கதை

மே 5, திங்கள்

காலையிலிருந்து ஷிரோக்கோ, ஆபிரிக்காத் தூசிக் காற்று. கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் செம்மண் நிறம். அம்மா எல்லாவற்றையும் மறுபடி தோய்த்தார். ஆபிரிக்கா முழுவதற்கும் திட்டு.

தமிழில்தான் எழுதுகிறேன். இத்தாலியனில் எழுதினால் தங்கச்சி ரோசி (இனி ரோ., முழுக்க எழுதப் பஞ்சி) வாசித்துவிடுவாள். ஞாயிறுத் தமிழ் வகுப்பில் அவள் இன்னும் 'ங' தாண்டவில்லை. ஆனால் அம்மா வாசிப்பார். ஆகவே ஒளிக்க வேண்டும். இப்போது குளியலறை. தோய்க்கும் மெசினின் மேல். எல்லாரும் நித்திரை.

பள்ளியில் ப்ரொவ் (எங்கள் டீச்சர்) தந்த வேலை: ஒரு விளையாட்டுக் குழுவின் வரலாறு. வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்னால் சொல்ல வேண்டும். காற்பந்து கூடாது. வகுப்பே ஊளை. என் தோழி ஜாதா கையைத் தூக்கி, "ப்ரொவ், பலெர்மோவில் காற்பந்து விளையாட்டு இல்லை, சமயம்," என்றாள். "நல்லது, சமய பாடத்தில் சொல்," என்றார் ப்ரொவ்.

நான் எடுத்தது ஐஸ் ஹொக்கி. காரணம் ஜேர்சி. நத்தாருக்குக் கனடா மாமி அனுப்பியது. நீலம், நெஞ்சில் கலங்கரை விளக்கு, முதுகில் 31. குழுவின் பெயரும் கலங்கரைதான். "ஐஸா? எலுமிச்சையா, பாதாமா?" என்று ஜாதா. இங்கே ஐஸ் என்றால் கரண்டியால் தின்னும் கிரனீத்தா மட்டும்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையுமா பார்ப்போம்.

அம்மா கபோ சந்தையிலிருந்து வாழைப்பழப் பெட்டிகளைத் தட்டையாக்கிக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா. குளிர் உடுப்பு வைக்க." குளிர் உடுப்பு எப்போதும் அலுமாரிக்கு மேலே பையில்தான் இருக்கும்.

இரவு கனடா மாமி போன் எடுத்தா. அப்பா குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். மீன் பொரிக்கும்போது தவிர அந்தக் கதவைச் சாத்துவதே இல்லை.

எங்கள் வகுப்பில் இருந்த நிரோஷா வீட்டிலும் இப்படித்தான் தொடங்கியது. அவளுடைய அப்பாவுக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. கோடை லீவுக்கு ஜேர்மனி என்றார்கள். செப்டெம்பரில் அவள் கதிரை காலி. அவளுக்கே அங்கே போன பிறகுதான் சொன்னார்களாம்.

எங்கள் அப்பா போன மாதம்தான் கொமூனில் (நகரசபை) குடியுரிமைச் சத்தியம் செய்தார்.

மே 6, செவ்வாய்

காற்று நின்றது. ஜன்னலெல்லாம் தூசி.

குழுவைப் பற்றி வாசித்தது:
— கனடாவில் ஒரு சின்னத் துறைமுக நகரம். மீன் உறையவைக்கும் கிட்டங்கியில் வேலை செய்தவர்கள் தொடங்கியது. பிறகு சம்பளத்துக்கு விளையாடும் பெரிய குழுவாகியது.
— கோல் விழுந்தால் கப்பலின் ஊதுகுழல். பழைய கப்பல் ஒன்றிலிருந்து கழற்றியதாம். ஊரே கேட்குமாம்.
— 31 அவர்களுடைய கோலி, கோல் காப்பவர். வேறு குழுக்கள் கூப்பிட்டும் போகாத மனிசன். செத்த பிறகு அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பெரிய துணியில் எழுதி மண்டபக் கூரையில் தொங்கவிட்டார்கள்.
— கூரை ஒழுகியது. புது மண்டபம் கட்ட நகரசபையிடம் காசில்லை. முதலாளி வேறு ஊர் தேடுகிறான் என்று கதை. பத்திரிகைக்காரர் கேட்டதற்கு அவன் சொன்னது: "நாங்கள் ஓரிடமும் போகவில்லை."
— சில கிழமைகள் கழித்து லொறிகள் வந்தன. விடியமுன். வேலைக்கு வந்தவர்கள் பூட்டைத்தான் கண்டார்கள்.

இதை இரண்டு தரம் வாசித்தேன்.

சாப்பாட்டின்போது கேட்டே விட்டேன். "அப்பா, நாங்கள் எங்கையும் போறமோ?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பருப்பைப் பார்த்தார்.

"ஒரு இடமும் போகேல்லை. சாப்பிடு."

அதே வசனம். அந்த முதலாளியின் வசனமேதான்.

ஜேர்சியைச் சுவரில் தொங்கவிட ஆசை. முடியாது. இந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் சட்டம். நான் பிறந்ததிலிருந்து படத்து மாதா பிரிஜ்ஜுக்கு மேலே சாய்ந்துதான் நிற்கிறார். பிரிஜ் நடுங்கும்போது மாதாவும் நடுங்குவார்.

மே 8, வியாழன்

வெயில். கணக்குச் சோதனை, ஏதோ செய்தேன். பள்ளி முடிய ஜாதாவும் நானும் வியா மக்வேதா கடைத்தெருவில் நடந்தோம், ஒன்றும் வாங்காமல். செப்டெம்பரில் இரண்டு பேருக்கும் ஒரே லிச்சேயோ (உயர்பள்ளி). பதிந்தாயிற்று. எந்தப் பஸ், எந்த வாங்கு என்றெல்லாம் அவள் முடிவுசெய்துவிட்டாள். "அமுனீ, வா வா!" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் பின்னால் போகிறேன், பொய்க்காரி மாதிரி.

கனடா மச்சாளுக்குக் குரல்பதிவு அனுப்பினேன், குழுவைப் பற்றிக் கேட்டு. பதில்: "அது இப்ப உள்நாட்டிலை ஒரு ஊரிலையடி. கடலே இல்லை. பெயர் மட்டும் அதே கலங்கரை. கப்பல் ஊதுறதை அங்கத்தைப் பிள்ளையள் ரெயின் எண்டு நினைக்குதுகள். உன்ர சேட்டு ஏன் மலிவா வந்ததெண்டு நினைச்சனீ? ஊர் மாறின குழுவின்ரை பழைய சேட்டை ஆர் வாங்குறது!"

அப்படியென்றால் 31 எழுதிய துணி? "அதைக் கொண்டு போகேல்லையாம். அங்கை அந்த மனிசனை ஆருக்குத் தெரியும்?"

நாங்கள் போகிறோம் என்பதற்கு அடையாளங்கள்:
பெட்டி.
கதவு.
அப்பா போன் கதைத்தபடி படியில் இறங்கிப் போவது.
இன்று ரோ. சொன்னது: "அம்மா மாதா படத்தை நூலாலை அளந்தவ. முடிச்சுப் போட்டு மடிக்குள்ளை வைச்சவ." எந்தப் பெட்டிக்குள் போகும் என்று பார்த்திருப்பார்.

இன்னுமொன்று. சற்று முன் தண்ணீர் குடிக்கப் போனபோது கேட்டது. அம்மா: "பிள்ளையளுக்கு இப்ப சொல்லாதையுங்கோ. முதல் கையிலை வரட்டும். மூத்தவள் பள்ளிக்கூடம் முழுக்கக் கதைச்சுப்போடுவாள், கண்ணூறு பட்டிடும்." அப்பா: "ஓம், ஓம், நான் வாய் திறக்கேல்லை."

எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். விசாவோ, பிள்ளை வயிற்றில் நிற்பதோ, காரோ, கைக்கு வரும்வரை மூச்சு விடமாட்டார்கள். நிரோஷாவின் அம்மாவும் கோவிலில் எங்களுக்கு முன்னாலேயே ஒன்றும் தெரியாத மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றவர்.

ஜூனில் பள்ளி முடிகிறது. மாதாவே, லொறி மட்டும் வேண்டாம்.

மே 9, வெள்ளி

எங்கே தொடங்குவது. மழை இல்லை, வெயில் இல்லை, என்ன காலநிலை என்று கவனிக்கவே இல்லை.

ஜேர்சியைப் போட்டுக்கொண்டு போனேன். கிட்டங்கி, ஊதுகுழல், கோலி வரை நன்றாகச் சொன்னேன். லொறியில் குரல் உடைந்தது. ப்ரொவ் ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்போது அந்த 31 யாருடையது? குழுவுடையதா, ஊருடையதா?"

நான் சொன்ன பதில்: "ஜூனில் நாங்கள் கனடா போகிறோம், ப்ரொவ்."

பிறகு அழுகை. நிறுத்தவே முடியவில்லை. ஜாதாவும் அழத் தொடங்கினாள், என்மேல் கோபத்தில். கடைசிப் பக்கத்தை நான் வாசிக்கவே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா வேலைவீட்டிலிருந்து ஏப்ரனோடு ஓடி வந்தார். ப்ரொவ் அவரைக் கட்டிப்பிடித்து, "சிஞ்ஞோரா, அங்கே மிகவும் குளிராமே. ஜெனி இல்லாமல் எங்களுக்கு எப்படி இருக்கும்!" என்றார். அம்மாவின் முகம்! பஸ்ஸில் வீடு வரும்வரை ஏப்ரனையும் கழற்றவில்லை. வீட்டில் அப்பா சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, நான் பொத்திப் பொத்தி வைச்சன். உங்கட மகள் எங்களைப் பிளேன் ஏத்திப்போட்டாள்."

"எங்கை?"

"கனடாவுக்காம்! ஜூனிலையாம்! டீச்சர் என்னைக் கட்டிப்பிடிச்சுக் கண் கலங்குறா, நான் என்ரை பாட்டிலை ஏப்ரனோடை நிக்கிறன்!"

அப்பா ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "நல்லதப்பா! ஊர்க் கண்ணூறெல்லாம் கனடாவுக்குப் போகட்டும். வீடு தப்பிச்சுது."

"என்ன வீடு?" நான்.

அப்பா சப்பாத்தாலேயே வாயைப் பொத்தினார். பிந்திவிட்டது.

வீடு வாங்குகிறார்கள். நாங்கள் இப்போது இருக்கும் சீசாப் பகுதியிலேயே. பாண்கடைக்குப் பின்தெரு. மாமியோடு கதைத்தது அதைத்தான். அவ அங்கே வாங்கி அலைந்தவ, எதையெதைப் பார்க்க வேண்டும் என்று புத்தி சொன்னாவாம். பெட்டி அதற்குத்தான். எல்லாம் அதற்குத்தான்.

"அப்ப நீங்கள் ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"ஒரு இடமும் போகேல்லை எண்டு சொன்னனான்தானே. நீதான் நம்பேல்லை."

அந்த முதலாளியைப் பற்றி விளங்கப்படுத்தப் பார்த்தேன். அப்பாவுக்கு விளங்கவில்லை. "எந்த முதலாளி? எனக்கு உள்ளது ஒரே முதலாளி, அவனும் சம்பளம் தாறான்."

அம்மா இன்னும் கோபம். ஆனால் இரவு எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தார்.



மே 10, சனி

மெல்லிய காற்று, நல்ல காற்று.

ப்ரொவ் பத்துக்கு எட்டுப் போட்டிருக்கிறார். நான் வாசிக்காத பக்கத்தைத் தானே வாசித்தாராம். அதில் இருந்தது: பழைய ஊர்க்காரர் கூரையைத் தாங்களே ஒட்டி, சம்பளமில்லாத ஒரு சின்னக் குழு தொடங்கினார்கள். கடையடைத்த பிறகு விளையாடுகிறார்கள். 31 பழைய இடத்திலேயே தொங்குகிறது.

ஜாதாவுக்கு எழுதினேன்: நாங்கள் ஓரிடமும் போகவில்லை. அவள்: "உன் குழுவின் முதலாளியும் அதைத்தானே சொன்னான்?" வீட்டைப் பற்றிச் சொல்லக் கூடாது. நொத்தாரிசிடம் கையெழுத்து வைக்கும்வரை வாய் திறந்தால் அம்மா என்னை உண்மையாகவே கனடாவுக்கு அனுப்புவாராம். செப்டெம்பரில் பஸ்ஸுக்கு வா, பார், என்று எழுதினேன். ஒரு நடுவிரல் வந்தது, பிறகு ஒரு இதயம்.

பின்னேரம் வீடு பார்க்கப் போனோம். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. குசினியில் ரோஸ் நிற ஓடு, இரண்டு வெடித்தது. அறை ஜன்னலால் எட்டிப் பார்த்தால் என் பஸ் தரிப்பு. ரோ. எல்லா மூலையிலும் போய் நின்று, "இது எனக்கு, இதுவும் எனக்கு." அம்மா குசினி வாசலுக்குப் போனார். மடியிலிருந்து முடிச்சுப் போட்ட நூலை எடுத்து, குசினிக்கு வெளியே உள்ள சுவரில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே.

அப்பா என்னிடம், "உன்ரை விளக்குச் சேட்டை எந்தச் சுவரிலை கொழுவப் போறாய்?"

"ஆணி அடிக்கலாமோ?"

"ஆரைக் கேக்கோணும்?" என்றார். பிறகு தன்னையே கேட்ட மாதிரி, "ஆரையும் கேக்கத் தேவையில்லை."

வீட்டுக்கு வந்து எல்லாரும் தேடினோம். குசினி இழுப்பறை, பல்கனிப் பெட்டி, அப்பாவின் கருவிப்பை. குறடு இருக்கிறது, திருகாணி முடுக்கி மூன்று இருக்கிறது.

சுத்தியல் எங்களிடம் இல்லை.