ஓர் எழுத்து கூடுதல்

பிப்ரவரி 6, 1985

என் பிழைதிருத்தும் அம்மாளுக்கு,

நலம். உன் இருமல் நின்றதா? இங்கே ஐந்தாவது மாடிவரை கண்ணாடி மாட்டிவிட்டோம். ஆட்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போடுகிறோம். வண்ணத்துப்பூச்சிக்கு அது எங்கே புரிகிறது! நேற்று ஒன்று அரைமணி நேரம் முட்டியது. வேடிக்கை பார்த்து நின்று, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கம்பெனி எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறது. இரண்டு ஜன்னல், சின்னச் சமையல் மேடை. மற்றதை நேராக எழுதக் கூச்சமாக இருக்கிறது. வழக்கம்போல் உனக்கொரு ஹைக்கூ:

வண்ணத்துப்பூச்சி
ஜன்னல் கண்ணாடி மேலே;
என் அறை காலி, வா.

உன்
கண்ணாடிக்காரன்

பிப்ரவரி 13

என் கண்ணாடிக்காரருக்கு,

இருமல் போய்விட்டது, அச்சகத்து மை வாசனைதான் போகவில்லை. தனி அறையா? ராஜா மாதிரி நடத்துங்கள்.

ஹைக்கூ அருமை. ஆனால் ஐந்து, ஏழு, ஐந்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே கோட்டை விடலாமா? புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி சரியாக ஐந்து. கடைசி வரி ஆறு. ஆகவே, 'வா' வேண்டாம்.

அடுத்ததைச் சீக்கிரம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
சிவப்புப் பேனா

மார்ச் 19

என் கண்ணாடிக்காரருக்கு,

ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. காய்ச்சலா, கோபமா? காய்ச்சல் என்றால் மேஸ்திரியையாவது எழுதச் சொல்லுங்கள். கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் என்னைக் கண்டதும், "இன்னைக்கும் இல்லம்மா" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார். உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வேறொன்றுமில்லை.

உங்கள்
சிவப்புப் பேனா

மார்ச் 26

உனக்கு,

நலம். கோபமில்லை. நீ எழுதிய இரண்டு சொல்லை நூறு தடவை படித்துவிட்டேன்: வா வேண்டாம். உனக்கு அங்கே உத்தியோகம் இருக்கிறது, நான் கூப்பிட்டதுதான் தப்பு.

அறையைப் புதிதாகக் கல்யாணமான தச்சருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். நான் நான்கு பேரோடு கொட்டகையில் இருக்கிறேன். ஏப்ரல் 3 காலை கப்பல். கடல் தாண்டி வேலை, இரண்டு வருடம். கையெழுத்துப் போட்டாயிற்று.

ஹைக்கூ இல்லை. பூச்சிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, எனக்குத்தான் எண்ண மனசில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணாடிக்காரன்

ஏப்ரல் 1

அட, அசட்டு மனுஷரே!

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. அந்த 'வா'வை நீங்கள் பூச்சியைக் கூப்பிட்டது என்றல்லவா நினைத்தேன்! சத்தியமாக. அறைக்குள் பூச்சியைக் கூப்பிடுகிற ஆள்தானே நீங்கள்? பதினெட்டு வருடமாக அடுத்தவர் எழுத்தை எண்ணிப் பிழைக்கிறேன், உங்களுடையதைப் படிக்கத் தெரியவில்லை. இந்த ஒன்றரை மாதமும் நான் அங்கே இருந்திருக்கலாம்.

தபாலில் போட்டால் இது ஆறு நாள் கழித்து வரும். அதனால் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டி ஆடுகிறது, எழுத்தெல்லாம் கோணல். லீவு கேட்கவில்லை, அச்சகத்துச் சாவியை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். "என்னம்மா இது?" என்று அவர் கேட்டது தெருவரை கேட்டது.

நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் கொட்டகை வாசலில் நிற்பேன். பேசினால் அழுதுவிடுவேன், அதனால் முதலில் இந்தத் தாளை நீட்டுவேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றால் போய்விட்டு வாருங்கள், தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கூப்பிடுங்கள்.

உங்கள் மனைவி