அகஸ்டினா பார்த்த பச்சை

ஜூன் 9, திங்கள்

காது டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அகஸ்டினா இனிமேல் கடலுக்குள் முங்கக் கூடாது. இன்னொரு முறை செவிப்பறை கிழிந்தால் காது கேட்காமலே போய்விடுமாம். ஒன்பது வருஷமாக மற்றவர்களுக்கு ஸ்கூபா சொல்லிக்கொடுத்தவள். ஸ்கூட்டரில் என் முதுகில் சாய்ந்துகொண்டே வந்தாள். நெல்லித்தோப்பு சிக்னல் வந்ததும், "இட்லி வாங்கிக்கலாமா?" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

அவள் கடைசியாக முங்கியபோது எடுத்த படங்களோடு உட்கார்ந்தேன். கல்யாண ஆல்பம் திருத்துவது என் பிழைப்பு. அவள் கடல் படங்களுக்கும் நான்தான். ஒன்று, அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தது. வெயில் இறங்கும் தண்ணீர். பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"இது அந்தப் பச்சை இல்ல செம்மல்."

மாற்றி மாற்றிக் காட்டினேன். இல்லை என்றாள்.

"தண்ணிக்குள்ள கண்ணு ஏமாத்தும் டினா."

ஏன் சொன்னேன்? எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

"ம்." "சரி." வேறு பேச்சில்லை.

ஜூன் 14, சனி

அச்சகம் வைத்திருக்கும் தணிகாசலம் அண்ணனிடம் நிறம் அளக்கும் கருவியை இரவல் வாங்கினேன். திரைமேல் தொங்கவிட்டால், திரை எந்தெந்த நிறம்வரை காட்டும் என்று அளந்து, அந்த எல்லையை ஒரு புரொஃபைலாக எழுதும். அதை முப்பரிமாணத்தில் விரித்து, படத்தின் நிறங்களையும் கூடவே போட்டுப் பார்த்தேன். அந்தப் பச்சை முழுக்க எல்லைக்கு வெளியே நிற்கிறது! கேமரா பிடித்திருக்கிறது, என் திரையால்தான் காட்ட முடியவில்லை. அடோபி ஆர்ஜிபி என்ற நிற அளவுகோலில் என் திரைக்கு எழுபத்தொரு சதவீதம்தான் தேறுகிறது. மீதியை நான் பார்த்ததே இல்லை. அவ பார்த்திருக்கா. அவகிட்டப் போய்க் கண்ணு ஏமாத்தும்னு— லூசு, லூசு.

கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லல்ல?"

"எனக்குத்தான்."

சிரித்துவிட்டாள். அப்பாடா.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணனின் பெரிய மானிட்டரை ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். பெரிய மார்க்கெட் நெரிசலில் பள்ளத்துக்குப் பள்ளம் "மெதுவாண்ணா, மெதுவாண்ணா". வீட்டில் அளந்தால் தொண்ணூற்றெட்டு சதவீதம்! படத்தை மூலக் கோப்பிலிருந்து புதிதாகத் திறந்தேன். அகஸ்டினா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் நீலம் ஏத்து. இன்னும். நிறுத்து."

நிறுத்தினேன். அழுதாள். கையைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

டினா, இவ்வளவு அழகான இடத்துக்கா போய்ட்டுப் போய்ட்டு வந்து எனக்கு ரசம் வச்சுக் குடுத்த?

ஜூலை 3, வியாழன்

அந்தப் படத்தை அச்சடிக்க அண்ணனிடம் போனோம். அவரும் நானும் நல்லாயிருக்கு என்ற தாளை, "பச்சை செத்துப்போச்சு" என்று அகஸ்டினா தள்ளிவைத்தாள். அண்ணன் கருவியை வைத்து அளந்தார். தலையைச் சொறிந்தார்.

"அம்மா சொல்றதுதாம்பா சரி. ஏம்மா, இங்க வேலைக்கு வர்றியா?"

யோசிச்சுச் சொல்றேன் என்றாள். வழியெல்லாம் யோசித்தபடியே வந்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அகஸ்டினா அச்சகத்தில் சேர்ந்து ரெண்டு வாரம். கடற்கரைப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போகிறாள். நான் கேட்பதில்லை.

மதியம் போன்.

"செம்மல், புதுசா ஒரு தாளு வந்திருக்கு. சிவப்பு என்னமா நிக்குது தெரியுமா? ஒடனே வாயேன்!"

குழம்பு பாதிக் கொதியில் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.