ஸ்பூல் டேப் இரைச்சல்

பூவிழி அப்பாவுக்கு,

நேற்று சேலம் ரசிகர் கூட்டத்தில் அந்தத் தோடி ராகப் பாட்டை ஒலிக்கவிட்டு ஒரு மணி நேரம் பேசினீர்களாம். முன்வரிசையில் ஒருவர் அழுதே விட்டாராம். நீங்கள் பேசி முடிக்கட்டும் என்றுதான் இதுவரை பொறுத்திருந்தேன்.

பழைய கேசட்டில் கிடைத்ததென்று என் தம்பி உங்களுக்கு அனுப்பினானே, அதை அவனிடம் கொடுத்தது நான்தான். பாடியது யாரென்று வாட்ஸப் குழுவில் கேட்டார்கள். "அறுவதுக்கு முந்தின ஸ்பூல் டேப்புல இருந்து கேசட்டுக்கு ஏத்தினதுங்க, அந்த இரைச்சலே சொல்லுதுங்களே! இனிமே இப்படி ஒரு குரல் பொறக்காதுங்க" என்று எழுதினீர்கள்.

அந்த இரைச்சல் நம் வீட்டு தோசைக்கல்லுடையது. போன மாதம் போனை மாவுப் பாத்திரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் பாடினேன். கடைசியில் கேட்கும் கைதட்டல், பின்பக்கக் கூரை ஷீட்டில் விழுந்த மழை. தோசையை நீங்கள்தான் சாப்பிட்டீர்கள்.

குரல் அடையாளம் தெரியாதது உங்கள் தப்பில்லை. கல்யாணமான மூன்றாம் நாள், உங்கள் அக்கா எதிரில், "நிறுத்து புள்ள, தகரத்த இழுக்கறாப்பல இருக்குது" என்றீர்கள். இருபத்திரண்டு வருஷமாக நிறுத்தியிருந்தேன்.

நான் பாடியதை வீடியோவாகவே எடுத்திருந்தேன். தம்பி இன்று அதைக் குழுவில் போடுகிறான். சேலத்திலிருந்து திரும்பும் வழியில் நீங்கள் தொப்பூர் தாண்டுவதற்குள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

நான் பொம்மிடிக்கு, தம்பி வீட்டுக்கே போகிறேன். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கல்லில் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் நின்று கேளுங்கள். ஸ்பூல் டேப் கேட்கும். பாட்டு மட்டும் வராது.

இப்படிக்கு,
தகரம்